இசக்கிமுத்து முளைத்த வருஷம்

ஆனி மாதத்து முதல் மழைக்குப் பாறையடியில் இசக்கிமுத்து முளைத்தபோது நீர்ப்பாறை எஸ்டேட் மேல் டிவிஷனில் யாரும் வேலையை விட்டுவிட்டு ஓடிவரவில்லை. சங்கு ஊதியது, பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு எப்போதும்போலத் தேயிலைக்குள் இறங்கினோம். மலையில் மழை பிடித்துக்கொண்டால் எதுதான் முளைக்காது, கதவுச் சட்டத்தில் காளான் முளைக்கும், கழற்றி வைத்த செருப்பில் பாசி முளைக்கும், சாமி படத்துக் கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும், டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த கல்யாணப் புடவை மடிப்புக்கு மடிப்பு புள்ளி வைத்திருக்கும். போன வருஷம் ஆடியில் மண்சரிவில் போனவன் இந்த வருஷம் ஆனியில் முளைத்துவிட்டான் என்றால், அவனை அங்கே நட்டவர்கள் நாங்கள்தான் என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இசக்கிமுத்துவுக்குத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற வேலை, மழைநாட்களில் வடிகால் அடைப்பை எடுத்துவிடுகிற வேலை. கீழே தேரிக்காட்டுப் பக்கம், வானம் எப்போதாவது தும்மினால்தான் மழை என்கிற ஊரில் பிறந்து, பிழைப்புக்காக மலையேறி வந்து, எங்கள் லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளத்தாயைக் கட்டிக்கொண்டவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஆடி மாதத்துக் காலையில் மலையில் பாதி கழன்று வந்து ரோட்டு வளைவை மூடிக்கொண்டது. அந்த வளைவில் ஒரு வடிகால் உண்டு, அதைப் பார்க்கத்தான் போயிருப்பான் என்று சூப்பர்வைசர் தங்கய்யா சொன்னார், நாங்களும் சொன்னோம், வேலை பார்க்கும்போதே உயிரை விட்ட மனுசன் என்று வெள்ளத்தாயிடம் சொல்லச் சொல்ல எங்களுக்கே அது ஆறுதலாக இருந்தது. மெஷின் வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். ஆள் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காவிட்டால் இலையில் ஒரு உடம்பு செய்து அதற்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என்ன இலை என்பது கருப்பசாமி கோயில் பூசாரி மூக்கனுக்கு மறந்து போயிருந்தது, மலையேறி வந்த தலைமுறையிலேயே அது மறந்துவிட்டது என்று அவர் சொன்னார். மழையில் எங்கே போய்த் தேடுவது. லயத்துக்குப் பின்னால் எந்நேரமும் தண்ணீர் சொட்டுகிற பாறையில் புளித்தண்டு காடாக மண்டிக் கிடந்தது. செடி தேடி வரும் கல்லூரிக்காரர்கள் அதைக் காட்டுப் பிகோனியா என்பார்கள். சிவந்த, ரோமம் படர்ந்த தண்டு. கடித்தால் பல் கூசும் புளிப்பு. உள்ளங்கையை விடப் பெரிய இலை, ஆனால் எந்த இலையும் நேராக இருக்காது, நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் கோணிக்கொண்டு நிற்கும், திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இரத்தச் சிவப்பு. அந்தத் தண்டுகளை எலும்பாக அடுக்கி, இலைகளைச் சதையாகப் போர்த்தி, மேலே இசக்கிமுத்துவின் காக்கிச் சட்டையை விரித்துப் பாறையடியில் கிடத்தினோம். விறகு நனைந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினோம், பற்றவில்லை. டயரை வைத்தோம், புகைந்தது, அவ்வளவுதான். பொழுது போய்க்கொண்டிருந்தது, குளிரில் பெண்களுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது, பூசாரி மூக்கன் "சரி, மூடிருங்கப்பா, எல்லாம் மண்ணுக்குத்தான" என்றார். மூடிவிட்டுக் குளிக்கப் போனோம். புளித்தண்டு இலையைக் கிழித்து ஈரத்தில் எறிந்தால் நரம்புக்கு நரம்பு முளைவிடும் என்பது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், எங்களுக்கு மட்டும் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

ஆக, முளைத்தான். முதலில் மற்றப் புளித்தண்டு மாதிரிதான் ஒரு சிவந்த முனை மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. இடுப்பளவு வந்த பிறகு, தண்டில் முழங்கால் உயரத்தில் ஒரு தழும்பு இருப்பதைச் சவரியம்மா பார்த்தாள், கவாத்துக் கத்தி தவறி இசக்கிமுத்துவின் முழங்காலில் விழுந்த அதே பிறைத் தழும்பு. சவரியம்மா வெள்ளத்தாயின் பக்கத்து வீட்டுக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். அவள் சிலுவை போட்டுக்கொண்டு வந்து வெள்ளத்தாயின் கதவைத் தட்டி, "ஏட்டி, ஒம் மாப்பிள திரும்பி வாராருடி, அடுப்புல ஒல வச்சிராத, இன்னும் நாளு கெடக்கு" என்றாள்.

வெள்ளத்தாய் போய்ப் பார்த்தாள். அழவில்லை. தழும்பின் மேல் விரலை வைத்தாள், அது சூடாக இருந்தது, சுற்றிலும் எல்லாம் குளிர்ந்து கிடக்க அந்த ஒரு தண்டு மட்டும் காய்ச்சல்காரன் கழுத்து மாதிரி சூடாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாறை வழியாகவே போனாள், வழி சுற்றுதான் என்றாலும் போனாள், நாங்களும் அவளோடு போனோம். அந்திக்கு அந்தப் பக்கம் நடந்தால் இருமல் சத்தம் கேட்கும், இசக்கிமுத்துவின் பழைய ஈர இருமல், மண்ணுக்குள்ளிருந்து. நாய்கள் அங்கே போய்ப் படுத்துக்கொண்டன, குரைக்கவில்லை.

கெடுத்தது அவள் கை. எங்கள் யார் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும். ஆறு வயதில் அம்மாவின் பக்கத்தில் நின்று விளையாட்டாகக் கிள்ளத் தொடங்கிய விரல்கள், இரண்டு இலையும் ஒரு மொட்டும் கண்ணில் பட்டால் எங்களைக் கேட்காமலே நீளும் விரல்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது வேலியிலே கிள்ளும், ஆஸ்பத்திரி வாசலில் குரோட்டன்ஸைக் கிள்ளித் திட்டு வாங்கும், தூக்கத்தில் போர்வை நுனியைக் கிள்ளிக்கொண்டிருக்கும். ஒரு காலையில் சவரியம்மாவோடு எதையோ பேசிச் சிரித்தபடி பாறையைக் கடந்த வெள்ளத்தாயின் கை, நெஞ்சளவுக்கு வளர்ந்து நின்ற அந்தத் தண்டின் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்துவிட்டது. 'ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது, அட்டை கடித்தால் இசக்கிமுத்து வைக்கும் சத்தம்.

கூடையை இறக்கிக் கொட்டித் தேடி எடுத்தாள். அந்தக் கொழுந்து இன்னும் மடிப்பு விரியாமல், சூடாக இருந்தது. திரும்பத் தண்டின் மேல் வைத்து நூலால் கட்டினாள், முந்தானையைக் கிழித்துக் கட்டினாள், "ஐயோ எங்கையே, ஐயோ எங்கையே" என்று அந்தக் கையை மறு கையால் அடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் கொழுந்து வாடிவிட்டது. என்ன நடக்கும் என்று தேயிலைக்காட்டில் யாருக்கும் தெரியும். நுனியைக் கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு துளிர்க்கும், அதை நம்பித்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது.

இரண்டு துளிர்த்தது. ஆடி முடிவதற்குள் இரண்டும் ஆள் உயரம் வந்து, ஒரு நாள் காலை மூடுபனி விலகும்போது பாறையடியில் செடி இருந்த இடத்தில் இரண்டு இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார்கள், தோள்களில் காக்கி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவனுக்கு வலப்பக்கம் பெரிது, இடப்பக்கம் சிறிது; மற்றவனுக்கு நேர்மாறு. எதிரெதிரே நின்றால் கண்ணாடி பார்ப்பது போல இருக்கும். ஏர் மாட்டுக்கு வைப்பது மாதிரி சவரியம்மாதான் முதலில் அவர்களுக்கு வலத்தான், இடத்தான் என்று பேர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது.

தங்கய்யா காலையில் பேர் கூப்பிடும்போது கொஞ்சம் தடுமாறினார். "இசக்கிமுத்து" என்றதும் இரண்டு பேரும் ஒரே குரலில் "இருக்கேன்" என்றார்கள். அவர் குடையை மடக்கி விரித்தார், மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் ஒரே குரல் வந்தது. "சரி சரி, ஒரு பேருக்கு ஒரு ஆள்தான், மத்தவன் சும்மா நில்லு" என்றார். சும்மா நிற்கச் சொன்னால் அவர்கள் அப்படியே நின்றார்கள், கொட்டுகிற மழையில், அட்டைகள் எங்கள் கால்களில் எல்லாம் ஏறிக்கொண்டிருக்க அவர்கள் கால்களில் மட்டும் ஏறாமல் விலகிப் போக, பாதம் மண்ணில் கொஞ்சம் புதைந்தபடி நின்றார்கள். சோறு தின்னவில்லை. வீட்டுக்குள் வரச் சொன்னால் வரமாட்டார்கள், அடுப்பு அனல் பட்டால் விளிம்பு சுருண்டுவிடும் என்பார்கள். கூரைத் தண்ணீர் ஒழுகும் இடமாகப் பார்த்து இரண்டு பேரும் வெள்ளத்தாயின் வாசலுக்கு இருபுறமும் நிற்பார்கள். லயம் முழுக்கப் புளி வாசம் அடித்தது. பிள்ளைகள் பயப்படவில்லை, அந்த இரண்டு பேரின் சுண்டுவிரலை நக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள்.

பெண்கள் வெள்ளத்தாயைக் கிண்டல் செய்தோம், செய்யாமல் இருக்க நாங்கள் என்ன கல்லா. "நமக்கெல்லாம் ஒண்ணையே சமாளிக்க முடியல, இவளுக்கு வாசலுக்கு ரெண்டு பக்கமும் காவல்" என்று சவரியம்மா சொல்வாள். வெள்ளத்தாயும் சிரித்தாள் முதலில். பிறகு அவளுக்குத் தெரிய வந்தது, கிள்ளியபோது உடம்பு மட்டும் இரண்டாகவில்லை என்பது.

வலத்தானுக்குக் கல்யாணம் வரைக்கும்தான் நினைவிருந்தது. தேரியின் செம்மணல், பனைமரங்கள், வெயிலில் சுடும் மணலில் பாதம் பொத்துப்போக ஓடியது, அவன் அம்மா முறத்தில் மிளகாய் காயப் போடுவது, எல்லாம் சொன்னான். வெள்ளத்தாயை மட்டும் தெரியவில்லை. "நீங்க யாரு, எந்த வீடு?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். அவள் சொன்னதும் வெட்கப்பட்டான், அடுத்த நாள் காட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பூங்கொத்து கொண்டுவந்து வாசலில் வைத்தான். கல்யாணத்துக்கு முன்பு இசக்கிமுத்து இப்படித்தான் செய்தான் என்பது அவளுக்கு நினைவு வர, அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இடத்தானுக்குக் கல்யாணத்திலிருந்து எல்லாம் தெரியும். அவளைப் பழையபடி 'வெள்ள' என்றே கூப்பிட்டான். தீப்பெட்டி எங்கே இருக்கும், அவளுக்கு எந்தப் பல் வலிக்கும், எந்தப் பாட்டுக்கு முணுமுணுப்பாள், பிள்ளை நிற்காமல் போன மாதத்தில் அவன் மடியில் தலை வைத்து அவள் என்ன கேட்டாள், ஒன்று விடாமல் தெரியும். அவள் முகத்தை மட்டும் அவன் நேராகப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பசாமி கோயில் முன்னால் கூடிப் பேசினோம். இரண்டு பேர் ஒரே பெண் வாசலில் நிற்பது நல்லா இல்லை என்று சிலர் சொன்னார்கள், இதில் நல்லா இல்லாமல் போக என்ன இருக்கிறது என்று சவரியம்மா கேட்டாள். கடைசியில் பூசாரி மூக்கன், "கோடை வந்தா ரெண்டும் வாடி மண்ணுக்குள்ள போயிரும், புளித்தண்டு கொணம் அதான். அடுத்த மழைக்கு வாறப்ப ஒண்ணு மட்டும் வரணும். இன்னொண்ண அடியில வெட்டிறணும். எது வேணும்னு வெள்ளத்தாயி சொல்லட்டும்" என்றார். கவாத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் எதற்கும் முடிவு கத்தியில்தான் இருக்கும்.

யாரைச் சொல்வாள்? தன்னைத் தெரிந்தவனைத்தான் சொல்வாள் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம், அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதைச் சொல்லவே ஒரு சாயங்காலம் இடத்தானிடம் போய் நின்றாள். அவன் பாறையில் சாய்ந்து நின்றான், தண்ணீர் அவன் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஒங்களத்தான் சொல்லப் போறேன்" என்றாள்.

அவன், "வேணாம்" என்றான்.

"ஏன்?"

"அன்னைக்கு நான் வடிகாலுக்குப் போகல வெள்ள."

"பின்ன?"

"பஸ்ஸுக்கு நின்னேன்."

அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "எவ வீட்டுக்கு?" என்று கேட்டாள்.

"எவளும் இல்ல. ஊருக்கு. மீச மொளைக்காத வயசுல ஏறி வந்தேன், அன்னையிலிருந்து ஒரு நா நான் காஞ்சதில்ல. பாயி ஈரம், போர்வ ஈரம், இழுக்கிற மூச்சு ஈரம். செத்தாலும் இந்த ஈரத்துக்குள்ளதான போட்டு மூடுவாங்கன்னு நெனச்சா எனக்கு ஒறக்கம் வரல. காஞ்ச மண்ணுல போயிப் படுக்கணும்னு இருந்துச்சு. ஒன்னைய எத்தன தடவ கூப்பிட்டேன்."

கூப்பிட்டது உண்மைதான். அவள் போகவில்லை. கீழே அவளுக்குத் தெரிந்த ஒரே வேலைக்குச் செடி கிடையாது, அவள் அம்மாவும் அப்பாவும் இந்தச் சரிவில்தான் புதைந்து கிடக்கிறார்கள், வெயிலில் நடந்தால் அவளுக்கு மயக்கம் வரும்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அழுவ. அழுதா நான் நின்னுருவேன்."

அவள் அவனை அறைந்தாள். நனைந்த இலையில் பட்டதுபோல அறை சத்தமில்லாமல் போயிற்று, உள்ளங்கையெல்லாம் புளித்தது. வேலையில் செத்தான் என்று நாங்கள் அவளுக்குக் கொடுத்திருந்த அந்த ஒரு பெருமையும் அன்றோடு போயிற்று. என்னை விட்டுவிட்டுப் போகிறவனுக்கு நான் தாலியைக் கழற்றினேனா, இலையில் உடம்பு செய்தேனா, பாறையடியில் போய்ப் போய் நின்றேனா என்று சவரியம்மா மடியில் விழுந்து கேட்டாள். அதன் பிறகு கொஞ்ச நாள் வலத்தானோடுதான் பேசினாள். அவன் அவளைப் புதுப்பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தான், அவள் சொல்லும் எல்லாவற்றையும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவள் எதையாவது பாதியில் நிறுத்தினால் மீதியைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. வாசலின் அந்தப் பக்கம் நிற்கும் இடத்தான்தான் மெல்லச் சொல்லி முடிப்பான்.

மாசியில் இரண்டு பேரும் வாடினார்கள். விளிம்பு கருகி, முதுகு வளைந்து, ஒரு காலையில் பாறையடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள், வெயில் ஏற ஏறச் சுருங்கினார்கள், சாயங்காலம் அந்த இடத்தில் கொஞ்சம் சருகு கிடந்தது. பூசாரி மூக்கன் கத்தியோடு வந்தார். "எதுன்னு சொல்லும்மா" என்றார். வெள்ளத்தாய் தானே மண்ணைக் கையால் கிளறினாள். உள்ளே உருளைக்கிழங்கு அளவில் ஒரே ஒரு கிழங்கு இருந்தது, சூடாக, ரோமத்தோடு, இலேசாக மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒண்ணுதான் மாமா இருக்கு. இத எங்க வெட்டுவீக?" என்றாள்.

மூக்கன் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அவள் மண்ணை மூடினாள்.

அடுத்த ஆனிக்கு மழை வந்ததும் அந்தச் சிவந்த முனை வந்தது. இந்த முறை வெள்ளத்தாய் தன் விரல்களில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் பாறையைக் கடந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் போன சவரியம்மா கட்டிக்கொண்டாள், அவளைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கட்டிக்கொண்டோம். டிவிஷன் பெண்கள் மொத்தமும் கைகளைக் கட்டுப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வரிசையாக அந்தப் பாறையைக் கடப்போம், தேயிலைக்குள் போன பிறகுதான் அவிழ்ப்போம். தங்கய்யா இது என்ன கூத்து என்று கேட்டார். துணி முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டு நடந்தோம்.

ஒரே ஆளாக வந்தான். இப்போதும் கொஞ்சம் கோணல்தான், ஒரு தோள் இறக்கம்தான், ஆனால் முழு ஆள், தேரியும் தெரியும், தீப்பெட்டி இருக்கும் இடமும் தெரியும். வாசலில் வந்து நின்று அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "வெள்ள" என்றான். அவள் ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள், மேலெல்லாம் நனைந்து நின்றாள், எங்களுக்கெல்லாம் அப்பாடா என்று இருந்தது, பூசாரி மூக்கன் கோயிலில் ஒரு மணி அடித்துவிட்டு வந்தார்.

நாலு நாள்தான். பிறகு அவன், "நான் போகணும் வெள்ள" என்றான்.

"போனா காஞ்சு செத்துருவீக."

"தெரியும்."

"என்னால முடியாது. நீங்க இங்கதான் கெடக்கணும். வருஷா வருஷம் முளைக்கணும். நான் இருக்கிற வரைக்கும் எனக்கு நீங்க வேணும்." அவள் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது.

அவன் சண்டை போடவில்லை. தானாகவே நடந்து பார்த்தான். மேகம் மலையில் எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அவ்வளவு தூரம் ரோட்டில் இறங்கிப் போவான், மேகம் முடியும் வளைவில் வெயில் பட்டதும் கை விளிம்பு பழுத்துவிடும், மேகம் மேலே ஏறும்போது அதற்குள்ளேயே தவழ்ந்து திரும்பி வருவான். பஸ்ஸில் போகிறவர்கள் அவனைப் பார்த்துச் சன்னலை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் போவான், ஒவ்வொரு நாளும் வருவான், வந்து பாறையில் ஒட்டிக்கொண்டு இருமுவான். அவள் பேசாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே அவன் என்றைக்கும் அவளுடையவன்தான், சாகவும் முடியாது, போகவும் முடியாது, மாசியில் கிழங்கு, ஆனியில் மனுசன். வைத்துக்கொள்ளடி என்றுதான் நாங்களும் சொன்னோம், எங்களுக்கும் அவன் பழகிவிட்டான். ஆனால் அந்த இருமல் சுவர் வழியாக வரும்போது அவள் காதைப் பொத்திக்கொள்வதைச் சவரியம்மா பார்த்திருக்கிறாள்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு காலையில் அவள் வேலைக்கு வரவில்லை. எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியைத் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் எடுத்து அவன்மேல் போர்த்தினாள். இரண்டு கேன்களில் தண்ணீர் பிடித்தாள். "வாங்க" என்றாள். அவன் பிளந்த வாயோடு அவளைப் பார்த்தான். "நீங்க ஒத்தையில போனா அந்த வளைவத் தாண்ட மாட்டீக. நான் ஊத்திக்கிட்டே வாரேன்" என்றாள். நாங்கள் கூடையோடு வழியில் நின்றோம். யாரும் கிண்டல் செய்யவில்லை.

பஸ்ஸில் நடந்தது அவள் சவரியம்மாவிடம் சொன்னது, சவரியம்மா எங்களிடம் சொன்னது. சன்னலோரம் அவனை உட்கார வைத்து, வளைவுக்கு ஒரு தடவை தலையில் ஊற்றிக்கொண்டே போனாள். கண்டக்டர் சத்தம் போட்டார், "சீட்டெல்லாம் நனையுது, என்னம்மா இது, சீக்காளியா?" என்றார். "ஆமாண்ணே, சூடு ஆகாத ஒடம்பு" என்றாள். மேகம் முடிந்தது. தேயிலை முடிந்தது. முதல் கேன் காலியானது. காட்டு மரங்கள் முடிந்து மூங்கிலும் முள்ளும் வரத் தொடங்கியபோது அவன் கை அவள் கைக்குள் கனமில்லாமல் இருந்தது. அவள் அவன் மேல் ஊற்றிக்கொண்டேதான் இருந்தாள், கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்று சொன்னாள், கல்யாணம் முடிந்து முதல் முறை அவனோடு பஸ் ஏறியது மாதிரி இருந்தது என்று சொன்னாள். கடைசி வளைவைத் தாண்டியதும் சன்னல் வழியாக அனல் காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் ஒரு வரப்பில் பனைமரங்கள் நின்றன. அவன் மூச்சை உள்ளே இழுத்தான், அந்த மூச்சில் இருமல் இல்லை.

அவள் இரண்டாவது கேனின் மூடியைத் திறந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும் வெள்ள. இனி ஊத்தாத."

"இன்னும் பாதிக் கேன் இருக்குங்க."

"ஊத்தாத."

அவள் ஊற்றவில்லை. ஊற்றாமல் இருப்பதற்கு இரண்டு கைகளாலும் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கம்பளி முதலில் ஓரங்களில் காய்ந்தது, பிறகு நடுவில் காய்ந்தது, பிறகு மெல்லத் தணிந்து சீட்டில் படிந்தது.

அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கண்டக்டர், "கூட வந்தவரு எங்கம்மா?" என்று கேட்டார்.

"எறங்கிட்டாக" என்றாள்.

கம்பளியின் மடிப்பில் ஒரு இலை இருந்தது. ஒருபுறம் பெரிதாய் ஒருபுறம் சிறிதாய், ஓரமெல்லாம் காய்ந்து, நடு நரம்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அது போதும் என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு மேலே வந்து ஈர மண்ணில் வைத்தால் போதும், ஆனிக்கு ஆனி வாசலில் வந்து நிற்பான். கையில் அரைக் கேன் தண்ணீர் இருந்தது, மேலே போகிற பஸ் இஞ்சினை முறுக்கிக்கொண்டு நின்றது. அவள் வெயில் விழுகிற சிமெண்ட் பெஞ்சில் கம்பளியை விரித்து, நடுவில் அந்த இலையை வைத்து, தன் நிழல் அதன்மேல் விழாதபடி தள்ளி உட்கார்ந்தாள். பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. தலை சுற்றியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் "தண்ணி வச்சிருக்கியேம்மா, குடி" என்றாள். அந்தச் சிவப்பும் போய், தொட்டதும் இலை பொடிப்பொடியாக நொறுங்கிக் காற்றில் போன பிறகுதான் வெள்ளத்தாய் தண்ணீர் குடித்தாள்.